கணக்கு தப்பினால் பொய் சொன்னது யார்?

என் தங்கையின் நோட்டு மேசைமேல் கிடக்கிறது. எண்பது பக்க நோட்டு, பக்கத்துக்கு இரண்டு நாள். "காலை: இட்லி 3, சாம்பார் 1 கரண்டி, தேங்காய்ச் சட்னி 2 ஸ்பூன், 265. பதினொன்றரை: மோர் 1 டம்ளர், 40. மதியம்: சோறு 1 கப், கீரைக்கூட்டு, ரசம், 390." இப்படியே பன்னிரண்டு வாரம், ஒரு நாள் விடாமல். கடைசியாக எழுதிய பக்கத்தின் அடியில் மட்டும் வேறொரு கையெழுத்து. சிவப்பு மையில் ஒரே வரி: "மறைக்காமல் எழுதவும்."

எழுதியவர் அவள் போகும் உடற்பயிற்சிக் கூடத்தின் உணவு ஆலோசகர். தங்கைக்கு வயது 42, உயரம் 156 செ.மீ., எடை 68 கிலோ. பள்ளி ஆசிரியை. இந்த விவரங்களைச் செயலியில் போட்டதும் நாளொன்றுக்கு 1,765 கலோரி செலவாகிறது என்று வந்திருக்கிறது. அதில் 500-ஐக் கழித்து, வந்த 1,265-ஐ 1,250 என்று முழுமையாக்கி, "வாரத்துக்கு அரை கிலோ, பன்னிரண்டு வாரத்தில் ஆறு கிலோ" என்று கணக்குச் சொன்னார் ஆலோசகர். இறங்கியது மூன்று கிலோ. மீதி மூன்று கிலோ எங்கே என்ற கேள்விக்கு அவர் கண்டுபிடித்த விடைதான் அந்தச் சிவப்பு வரி.

"அக்கா, நான் ஒண்ணையும் மறைக்கல" என்றாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திருத்துகிறவள், தன் நோட்டைத் திருத்திய ஒருவரிடம் குற்றவாளியாக நிற்கிறாள்.

அந்த ஒருவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் தானாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊரே நம்புவதைத்தான் அவரும் நம்புகிறார். என் சண்டை அந்த நம்பிக்கையோடு. அதன் வடிவம் இது: எடை, உயரம், வயது, உழைப்பு ஆகியவற்றைச் சொன்னால் உன் உடம்பு ஒரு நாளில் எரிக்கும் கலோரியைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். அதைவிட 500 குறைத்துச் சாப்பிட்டால் வாரம் அரை கிலோ இறங்கியே தீரும். இறங்கவில்லை என்றால் கணக்கில் பிழை இல்லை, உன்னிடம்தான் பிழை.

எதிர்த்தரப்பில் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். செலவைவிடக் குறைவாக உண்டால் உடம்பு சேமிப்பிலிருந்து எடுத்தாக வேண்டும். இது இயற்பியல், யாரும் தப்ப முடியாது. "கலோரி என்பதே பொய், இன்சுலின்தான் எல்லாம்" என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்களோடு நான் இல்லை. சூத்திரங்களும் வெறும் கற்பனை அல்ல. உண்மையான மனிதர்களின் மூச்சை அளந்து உருவானவை. மக்கள் தாம் உண்பதைக் குறைத்தே சொல்கிறார்கள் என்பதும் ஆய்வில் நிரூபணமானது. இந்த மூன்றையும் ஒப்புக்கொண்டுதான் மறுக்கிறேன். மூன்றும் உண்மையாக இருந்தும் அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறு.

1. சூத்திரம் யாருடைய உடம்பை அளந்தது?

பாஸ்டனில் இருந்த கார்னெகி ஊட்டச்சத்து ஆய்வகத்தில் அளந்தவற்றை வைத்து ஹாரிஸும் பெனடிக்டும் தங்கள் சூத்திரத்தை 1919-இல் நூலாக வெளியிட்டார்கள். அதன் அடிப்படை 136 ஆண்கள், 103 பெண்கள். இன்றைய செயலிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரம் 1990-இல் அமெரிக்காவில் 498 பேரை அளந்து வந்தது. படுத்து ஓய்ந்திருக்கும் உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்பதை இவை சொல்கின்றன. தங்கைக்கு மிஃப்லின் கணக்கு 1,284. அதே தங்கைக்கு ஹாரிஸ்-பெனடிக்ட் கணக்கு 1,398. உடம்பு ஒன்று, விவரம் ஒன்று, விடை இரண்டு. வித்தியாசம் 114 கலோரி. பகல் உணவில் சோற்றின் கணிசமான பகுதி அது.

இருப்பவற்றில் மிஃப்லின்தான் மேலானது என்று 2005-இல் வந்த ஒரு மதிப்பாய்வு சொன்னது. அந்த மேலான சூத்திரத்தின் தேர்ச்சி என்ன? பருமன் இல்லாதவர்களில் சுமார் 82 விழுக்காட்டினருக்கும், பருமனானவர்களில் சுமார் 70 விழுக்காட்டினருக்கும் அளந்த அளவுக்கு 10 விழுக்காடு முன்பின்னாக வந்தது. அதாவது பருமனானவர்களில் பத்துப் பேரில் மூன்று பேருக்கு அந்த எல்லைக்குள்கூட வரவில்லை. எடை குறைக்க வருகிறவர்களில் இந்த மூன்று பேர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆயிரம் பேருக்குச் சமைக்கும் சத்திரத்தில் தலைக்கு எவ்வளவு அரிசி என்று கணக்குப் போடுவது நியாயம். அந்தக் கணக்கை வைத்துப் பந்தியில் ஒருவர் இலையைக் காட்டி "உனக்கு இவ்வளவுதான் பசி" என்று சொல்வது நியாயம் இல்லை.

நம் ஊர் உடம்புக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஆழம். 1985-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் கையாண்ட ஸ்கோஃபீல்டு சூத்திரத்தின் தரவில் ஏறக்குறைய பாதி இத்தாலியர்களுடையது. வெப்ப மண்டல மக்களுக்கு அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது என்று ஜெயா ஹென்றி போன்றவர்கள் எடுத்துக்காட்டினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) அந்தக் கணக்கை 5 விழுக்காடு குறைத்தே பயன்படுத்தியது. பிறகு நடந்ததைப் பாருங்கள். உட்கார்ந்து வேலை பார்க்கும், 55 கிலோ எடையுள்ள இந்தியப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,900 கலோரி தேவை என்றது அதன் 2010 அறிக்கை. அதே 55 கிலோ, அதே உட்கார்ந்த வேலை. 1,660 போதும் என்றது 2020 அறிக்கை. பத்தாண்டில் இந்தியப் பெண்ணின் உடம்பு 240 கலோரி மாறிவிடவில்லை. கணக்கிடும் முறை மாறியது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் முறையே அது. ஆனால் ஒரு நாட்டின் தலைமை ஆய்வு நிறுவனமே 240 கலோரி திருத்திக்கொள்ளும் இடத்தில், ஒரு கைபேசித் திரையில் வந்த 1,765 என்ற எண்ணின் கடைசி 5-ஐ நம்பி ஒரு பெண்ணைப் பொய் சொல்பவள் என்று எழுத யாருக்கு உரிமை?

இன்னொன்றும் உண்டு. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையும் போட்டார்கள். இருவருக்கும் உடல் பருமன் குறியீடு 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடம்பில் 21.2. ஓய்வில் கலோரியை எரிப்பதில் பெரும்பங்கு தசைக்கும் உறுப்புகளுக்கும்தான், கொழுப்பின் பங்கு சிறிது. எடையையும் உயரத்தையும் மட்டும் கேட்கிற சூத்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரிய வழியே இல்லை. ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு அதிகம் சுமக்கும் நம் உடம்புவாகுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வயதும் அப்படித்தான். மிஃப்லின் ஆண்டுக்கு 5 கலோரி கழிக்கிறது. 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைச் சேர்த்து 2021-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, உடம்பின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 வயதிலிருந்து 60 வயதுவரை செலவு குறையவே இல்லை என்று காட்டியது. ஆக, வயதுக்கு என்று கழிக்கும்போது சூத்திரம் உண்மையில் "இந்நேரம் இவளுக்குத் தசை கரைந்திருக்கும்" என்று ஊகிக்கிறது. தலையில் தண்ணீர்க்குடமும் கையில் பிள்ளையுமாக வாழ்ந்தவளுக்கும் அதே ஊகம்தான்.

2. உழைப்பை ஒரு சொல்லில் சொல்ல முடியுமா?

ஓய்வுக் கணக்கு வந்ததும் செயலி கேட்கிறது: உட்கார்ந்த வாழ்க்கையா, இலேசான உழைப்பா, நடுத்தரமா, கடினமா? உட்கார்ந்த வாழ்க்கை என்றால் 1.2-ஆல் பெருக்கும். இலேசு என்றால் 1.375. நடுத்தரம் என்றால் 1.55. தங்கைக்கு இவை மூன்றும் தரும் விடை முறையே 1,541, 1,765, 1,990.

முதலுக்கும் மூன்றாவதற்கும் இடையில் 449 கலோரி. வாரம் அரை கிலோ குறைக்கக் கழிக்கச் சொன்ன 500-க்கு இது ஏறக்குறைய சமம். எடை குறைவதும் குறையாததும் ஒரு பட்டியலில் எந்தச் சொல்லை விரலால் தொட்டோம் என்பதில் இருக்கிறது என்றால், அதைக் கணக்கு என்று அழைக்கலாமா?

தங்கை எந்தச் சொல்லைத் தொட்டிருக்க வேண்டும்? காலை நாலே முக்காலுக்கு எழுந்து இரண்டு அடுப்பிலும் சமைக்கிறாள். பேருந்தில் நின்றபடி போகிறாள். ஐந்து பாடவேளை நிற்கிறாள். மாலையில் நோட்டுத் திருத்தி உட்கார்ந்தே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து மாடிக்குச் சுமக்கிறாள். "இலேசு" என்று தொட்டாள். தவறா சரியா என்று யார் சொல்வது? மேலே சொன்ன பன்னாட்டு அமைப்புகளின் 2004 அறிக்கை உட்கார்ந்த, இலேசான வாழ்க்கைக்கே 1.40 முதல் 1.69 வரை பெருக்கச் சொல்கிறது. செயலிகளின் 1.2 அந்த வரம்புக்குள்ளேயே வராது. ஒரு தரப்பின் தரைத்தளம் இன்னொரு தரப்பின் கட்டடத்திலேயே இல்லை.

கையில் கட்டும் கருவி அளந்துவிடும் என்பார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017-இல் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். இதயத் துடிப்பை நன்றாகவே அளந்தன. கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிசகியது. மிக மோசமானது 93 விழுக்காடு.

தொழிலும் நடையும் கூடினால் செலவு அதே அளவு கூடும் என்ற எண்ணமும் கேள்விக்குரியது. தான்சானியாவின் ஹாட்சா மக்கள் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிறார்கள். அவர்களின் மொத்தச் செலவை, உடலளவைக் கணக்கில் கொண்டு பார்த்தபோது, நகரத்து அமெரிக்கர்களின் செலவிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை என்று ஹெர்மன் பான்ட்ஸர் குழு 2012-இல் கண்டது. ஓரிடத்தில் கூடுதலாகச் செலவழிக்கும் உடம்பு இன்னோரிடத்தில் சிக்கனம் பிடிக்கிறது என்பது அவர் விளக்கம். அது எவ்வளவு தூரம் உண்மை என்ற விவாதம் முடியவில்லை. ஆனால் பெருக்கல் வாய்பாடு அந்த விவாதம் நடப்பதையே அறியாது.

3. உடம்பு கடனட்டை இல்லை

"7,700 கலோரி ஒரு கிலோ கொழுப்பு. நாளுக்கு 500 கழித்தால் வாரத்துக்கு 3,500, அரை கிலோ." இந்தக் கணக்கின் வேர் 1958-இல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி எழுதிய கட்டுரையில் இருக்கிறது. கொழுப்புத் திசுவில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதில் அவர் பெரிதாகத் தவறவில்லை. தவறு, அதை நேர்கோடாக நீட்டியவர்களுடையது.

நேர்கோட்டை நீட்டிப் பாருங்கள். 68 கிலோ உள்ள பெண் தினமும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயை விட்டுவிடுகிறாள் என்று வைப்போம். சுமார் 240 கலோரி. ஓராண்டில் 11 கிலோ குறைய வேண்டும். மூன்றாண்டில் 34 கிலோ. அவள் உடம்பில் பாதி போயிருக்க வேண்டும். ஆறாண்டில் ஆளே இருக்கக் கூடாது. எந்த வீட்டிலும் இப்படி நடந்ததில்லை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதே கோட்டைப் பன்னிரண்டு வாரத்துக்கு நம்புகிறார்கள்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2011-இல் இதைத் திருத்திச் சொன்னது. நாளுக்கு 24 கலோரியை நிலையாகக் குறைத்தால் காலப்போக்கில் ஒரு கிலோ குறையும். அதில் பாதிக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆகும், 95 விழுக்காட்டுக்கு மூன்றாண்டு. அந்தக் கணக்கில் 240 கலோரிக்கு மொத்தமே 10 கிலோ, முதலாண்டில் 5. காரணம் எளிது: எடை இறங்க இறங்கச் சுமக்கும் உடம்பு சிறுக்கிறது, அதை நடத்தும் செலவும் சிறுக்கிறது. அதற்கு மேலும் உடம்பு தானாகச் சிக்கனம் பிடிக்கிறது. ஆன்செல் கீஸ் 1944-45-இல் மினசோட்டாவில் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டபோது அவர்களின் ஓய்வுச் செலவு ஏறக்குறைய 40 விழுக்காடு இறங்கியது. எடைகுறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறாண்டு கழித்து அளந்தபோது, அவர்கள் உடலளவுக்கு எதிர்பார்த்ததைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாக எரித்தார்கள். இரண்டும் கொடிய எல்லைகள். சாதாரணமாகக் குறைப்பவருக்கு இவ்வளவு இருக்காது. ஆனால் திசை ஒன்றுதான். முதல் நாளில் போட்ட 1,765 பன்னிரண்டாம் வாரத்தில் அதே 1,765 ஆக இருக்காது.

4. தட்டில் இருப்பதை யார் எண்ணியது?

செலவுப் பக்கத்தின் ஓட்டையைப் பார்த்தோம். வரவுப் பக்கத்துக்கு வருகிறேன், இங்கேதான் ஆலோசகர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

தங்கை வீட்டு அடுப்படியில் இரண்டு நாள் காலையில் உட்கார்ந்து பார்த்தேன். கடுகு தாளிக்க எண்ணெய்த் தூக்கைச் சாய்க்கிறாள். கை நிற்கும்போது எண்ணெய் நிற்கிறது. சமையல் தராசில் வாணலியை வைத்து அளக்கச் சொன்னேன். முதல் நாள் 19 கிராம். மறுநாள் அதே சாம்பார், அதே வாணலி, அதே கை, 31 கிராம். பன்னிரண்டு கிராம் எண்ணெய் என்றால் நூற்றுச் சொச்சம் கலோரி. அந்தச் சாம்பாரை நான்கு பேர் ஊற்றிக்கொள்கிறார்கள். யார் கரண்டியில் மேலே மிதந்த எண்ணெய் போனது, யாருக்கு அடியில் இருந்த பருப்பு போனது? நோட்டில் இரண்டு நாளும் "சாம்பார் 1 கரண்டி" என்றுதான் இருக்கிறது. அவள் பொய் எழுதவில்லை.

செயலியில் "சாம்பார்" என்று தட்டினால் ஒரு எண் வரும். எங்கிருந்து வருகிறது? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை 528 உணவுப் பொருள்களை ஆய்ந்து சொல்கிறது; துவரம்பருப்பு, முருங்கைக்காய், தேங்காய் எல்லாம் உண்டு. ஆனால் அது சமைக்காத பொருள்களின் அட்டவணை. தங்கை வீட்டுச் சாம்பார் அதில் இல்லை, உங்கள் வீட்டுச் சாம்பாரும் இல்லை.

பொட்டலத்தில் அச்சிட்டது சரியாக இருக்கும் என்பார்கள். கார்போஹைட்ரேட்டுக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்ற வாய்பாடு வில்பர் அட்வாட்டர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் செய்த உழைப்பின் பலன். பெரும் சாதனை அது. ஆனாலும் சராசரி. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-இல் பாதாம் பருப்பை மனிதர்களுக்குக் கொடுத்து அளந்தார்கள். 28 கிராமுக்கு 170 என்று வாய்பாடு சொன்ன இடத்தில் உடம்புக்குக் கிடைத்தது 129. மெல்லும்போது உடையாத செல்களில் கொழுப்பு சிக்கிக்கொண்டு அப்படியே வெளியேறிவிடுகிறது. அதே அமெரிக்காவில் பொட்டலத்தில் எழுதியதைவிட 20 விழுக்காடு வரை கூடுதல் கலோரி இருந்தாலும் சட்டம் பொறுத்துக்கொள்கிறது.

செலவில் பல நூறு, வரவில் பல நூறு பிசகுவதற்கு இடமிருக்கிற இரண்டு எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, வந்த மீதியை ஒருவரின் நேர்மைக்குச் சான்றாக வைக்கிறார்கள்.

5. "பொய் சொல்கிறாய்" என்பது ஆய்வின் முடிவா?

எதிர்த்தரப்பின் மிக வலுவான ஆயுதம் இது. 1992-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு, "எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை" என்று சொன்ன ஒரு சிறு குழுவைப் பரிசோதித்தது. தாம் உண்டதை அவர்கள் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உழைத்ததை 51 விழுக்காடு கூட்டியும் சொன்னார்கள். அவர்களின் உடம்பு எரிப்பதில் குறை இல்லை. இதை நான் மறைக்கவில்லை, மறுக்கவும் இல்லை.

ஆனால் பத்தாண்டு கழித்து வந்த இன்னொன்றை ஆலோசகர்கள் எடுத்துச் சொல்வதில்லை. பத்து உணவு வல்லுநர்களும், அத்துறையில் இல்லாத பத்துப் பேரும் உண்டதை எழுதினார்கள். உணவு வல்லுநர்களே நாளுக்குச் சராசரியாக 223 கலோரி குறைத்து எழுதினார்கள். பிறர் 429. கலோரி கணக்கே தொழிலாக உள்ளவர்கள், அளக்கக் கற்றவர்கள், யாரையும் ஏமாற்ற வேண்டிய தேவையில்லாதவர்கள். அவர்களுக்கே 223 தப்பினால் அதன் பெயர் பொய்யா? மனிதர் உணவை நினைவுகூரும் திறனின் எல்லை அது.

இப்போது தர்க்கத்தைப் பின்தொடருங்கள். எல்லோரும் சில நூறு கலோரி குறைத்தே எழுதுகிறார்கள் என்றால், "1,250 சாப்பிடு, எழுதிக் காட்டு" என்ற ஆணை தொடக்கத்திலேயே நிறைவேற முடியாதது. அந்த ஆய்வை எடுத்துக் காட்டுகிறவர் தாம் உட்கார்ந்திருக்கும் கிளையைத் தாமே வெட்டுகிறார். எழுதுவது தப்பும் என்று அவருக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அதற்கு இடம் கொடுக்காமல் இலக்கு வைத்து, தப்பியதும் குணத்தைக் குற்றம் சொல்கிறார்.

விளைவு காகிதத்தோடு நிற்பதில்லை. சிவப்பு வரியைப் பார்த்த வாரம் தங்கை 1,250-ஐ 1,000 ஆக்கினாள். இரவுச் சப்பாத்தி போனது, முட்டை போனது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இப்படிப்பட்ட நாட்டில் ஒரு பெண்ணிடம் "இன்னும் குறை" என்று சொல்வதற்கு முன் எண்ணைச் சந்தேகிக்க வேண்டாமா? மூன்றாம் நாள் கரும்பலகை முன் தலை சுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் நோட்டு என்னிடம் வந்தது.

அப்படியானால் எண்ணே வேண்டாமா? நான் சொல்வது அதுவல்ல. எண்ணை எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்பதுதான் வழக்கு.

நெல் வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். படி சற்றுச் சிறிதாக இருந்தாலும், அதே படியால் அளந்து வாங்கி அதே படியால் அளந்து போட்டால் இருப்புக் கணக்கு நேராக வரும். ஒரு படியால் வாங்கி வேறு படியால் போட்டால்தான் பத்தாயம் கணக்குக்கு நிற்காது. செலவுக்குச் சூத்திரம் ஒரு படி. வரவுக்குத் தங்கையின் நோட்டு இன்னொரு படி. இரண்டையும் கலந்ததுதான் ஆலோசகரின் பிழை. தங்கையின் நோட்டு தினமும் இருநூறு கலோரி குறைத்தே எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே போலக் குறைகிறது என்றால், அது அவளுடைய படி. அதைக்கொண்டே அவள் செலவையும் அளக்கலாம்.

அளந்தோம். முதல் இரண்டு வாரத்தில் இறங்கிய 1.4 கிலோவை ஒதுக்கினோம். தொடக்கத்தில் போவதில் தண்ணீர் அதிகம், ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்தே போகும். மீதிப் பத்து வாரத்தில் 1.6 கிலோ. ஏற்கெனவே கரைந்த கொழுப்பை எடைபோட மட்டும் 7,700-ஐ எடுத்துக்கொண்டால் அது 12,320 கலோரி. 70 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 176. நோட்டில் சராசரி 1,250. இரண்டையும் கூட்டினால் 1,426. அவள் படியால் அளந்த அவளுடைய செலவு இது. உண்மைச் செலவு 1,426-ஆ, 1,650-ஆ என்று எனக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. அவள் கூட்டுவதும் குறைப்பதும் அதே நோட்டில்தான்.

இதில் இன்னொன்றும் வெளியே வந்தது. பத்து வாரமும் உடம்பு நாளுக்கு 176 கலோரியைச் சேமிப்பிலிருந்து எடுத்திருக்கிறது. கேட்டது நடக்கவில்லை என்று சிவப்பு மை சொன்ன அந்தப் பத்து வாரத்தில், வாரத்துக்கு 160 கிராம் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. எடை மெஷினில் அது தெரியவில்லை, ஏனென்றால் அவள் வாரம் ஒரு முறைதான் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டால் திங்களன்று ஒரு கிலோ உப்புநீர் கூடும். மாதவிலக்குக்கு முன்பும் கூடும். ஒரு கிலோ ஏறி இறங்கும் ஊஞ்சலில் 160 கிராமைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இப்போது தினமும் காலையில் பல் துலக்குமுன் ஏறி, ஏழு நாளின் சராசரியை மட்டும் பார்க்கிறாள். மூன்று வாரச் சராசரி ஒரே இடத்தில் நின்றால் நோட்டுக் கணக்கில் நூறு குறைப்பது அல்லது நடையைக் கூட்டுவது. வேகமாக இறங்கினால் நூறு கூட்டுவது. முட்டை திரும்ப வந்துவிட்டது. எண்ணெயைத் தூக்கிலிருந்து சாய்க்காமல் ஒரு சிறு கரண்டியால் எடுக்கிறாள், குறைப்பதற்காக அல்ல, தினமும் ஒரே அளவாக இருப்பதற்காக.

சூத்திரத்துக்கு இதில் ஒரு வேலை உண்டு: முதல் மூன்று வாரத்துக்குத் தொடங்க ஓர் இடம் காட்டுவது. நான்காம் வாரத்திலிருந்து அதை நோட்டின் அட்டையிலிருந்தே அழித்துவிடலாம்.

ஆலோசகர்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான். எடை கணக்குக்கு இறங்காத வாரத்தில் சிவப்புப் பேனாவை எடுக்குமுன் எதிரில் இருப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த உழைப்புச் சொல்லைத் தொட்டீர்கள், எண்ணெயை எப்படி ஊற்றுகிறீர்கள், ஏழு நாள் சராசரி என்ன? இந்த மூன்றும் கேட்கப்பட்டிருந்தால் தங்கையின் நோட்டில் அந்த வரி இருந்திருக்காது. அந்தப் பக்கத்தை அவள் கிழிக்கவில்லை. அடுத்த பக்கத்திலிருந்து, தன் கையெழுத்தில், 1,426 என்று தலைப்பிட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள்.